கல் வைக்காத மோதிரம்

1955 ஜனவரி 11, செவ்வாய்

மழை விடவில்லை. மேல் லயத்து வரிசை வீட்டில் ஒரு ஆண் பிள்ளை. தாய்க்கு இது மூன்றாவது; எனக்காகக் காத்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன், அப்படியேதான் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்து கையைக் கழுவி முடிப்பதற்குள் பிள்ளை அழுதுவிட்டது. கொடியைக் கட்டி அறுத்ததுதான் நான் செய்த வேலை. ஆனாலும் "மருத்துவச்சியம்மா கைராசி" என்று எனக்குத்தான் பேர். சும்மா கிடைக்கிற பேரை வேண்டாம் என்பானேன்.

குவார்ட்டஸ் வீட்டுக்குத் திரும்பினால் காலையில் பாதி குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பை அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. யார் எடுத்துக் கழுவப் போகிறார்கள்? இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் நிலை விசித்திரமானது. லயத்துச் சனம் என்னை அம்மா என்று சொல்லி ஓரடி தள்ளி நிற்கும். பெரிய கிளாக்கரின் மனைவி லயத்துக்குப் போய்வருகிற கை என்று சொல்லி இரண்டடி தள்ளி நிற்பாள். நடுவில் நான் ஒருத்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து சின்னராசா அண்ணன் எழுதியிருக்கிறார். அப்புத்தளை ஸ்டேஷனில் டிக்கட் கிளாக்கராக இருக்கும் அரியநாயகம் என்பவர் ஞாயிற்றுக்கிழமை தமக்கையோடு என்னைப் பார்க்க வருகிறாராம். நம் திருச்சபைக்காரர்தானாம். "இந்த முறையாவது வாயை அடக்கிக்கொண்டிரு" என்று கடைசியில் ஒரு வரி. முப்பத்தாறு வயதில் எனக்குக் கிடைக்கிற புத்திமதி இதுதான்.

ஜனவரி 16, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள். வாயை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் பார்த்திருந்தால் காய்ச்சலோ என்று கேட்டிருப்பார்.

அவர் உயரம். கதவு நிலைக்குக் குனிந்து வந்தவர் உட்கார்ந்த பிறகும் குனிந்தபடியே இருந்தார். கதை எல்லாம் தமக்கை நேசம்மா அக்காதான். மானிப்பாயில் வீடு, தென்னை, கிணற்றுத் தண்ணீரின் ருசி. அவர் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலே வைத்திருந்தார். காற்சட்டை நனைந்தது. நான் எழுந்து குடையை வாங்கி மூலையில் வைத்தேன். "தாங்ஸ்" என்றார். அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்து அவிழ்த்தார். உள்ளே நூலில் கோத்த பித்தளை மோதிரங்கள். பதுளை நகைக்கடைப் பத்தர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டவையாம். "எனக்கு இதுகள் விளங்காது. எந்த வளையம் எண்டு நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பூ வேலை செய்தது ஒன்று. முறுக்கு ஒன்று. பட்டையாக, விரலின் பாதியை மூடுவது ஒன்று. உயரக் குமிழ் வைத்து அதில் கல் பதிக்கிறது ஒன்று. நேசம்மா அக்கா அதைத்தான் எடுத்து எடுத்துத் தந்தா. கடைசியாக அரைவட்டம், வெளியே வழவழவென்று, உள்ளே தட்டையாக, ஒரு வேலைப்பாடும் இல்லாதது. அதைப் போட்டதும் கழற்ற மனம் வரவில்லை.

"இது போதும்" என்றேன்.

"கலியாண மோதிரம்தான் வெறும் வளையமாயிருக்கும் பிள்ளை. நிச்சயத்துக்குக் கல்லு வைக்கிறதுதானே முறை" என்றா அக்கா.

கல் வைத்த மோதிரத்தோடு பிரசவம் பார்க்க முடியாது. கையுறை கிழியும், கல்லின் அடியில் அழுக்குத் தங்கும், தாயையும் பிள்ளையையும் கீறும். ஒவ்வொரு முறையும் கழற்றி வைத்துவிட்டு ஓட வேண்டும். வழவழப்பான வளையம் என்றால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போதும். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். "எனக்கு இதுதான் விருப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "உங்கடை விருப்பம்தான்" என்றார்.

அப்படியென்றால் கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலை செய்யலாம் என்றுதானே பொருள்? வேறென்ன பொருள் இருக்க முடியும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வந்த மனிசன் எழும்பிப் போய்விடுவாரோ என்று பயம். பயம்தான், எழுதினால் என்ன.

ஜனவரி 18, செவ்வாய்

விரல் அளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார். கடையில் போய் யாரோ ஒரு ஆளிடம் கையை நீட்ட எனக்கும் விருப்பமில்லை. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்க முன்பே எழுந்து, பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, தொப்புள்கொடி கட்டுகிற நூலில் ஒரு துண்டு வெட்டி மோதிர விரலில் சுற்றி முடிச்சுப் போட்டேன். கை விறைத்துப் போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் முடிச்சு இறுகியது. தபால் கொண்டுபோகிற ஆளிடம் கொடுத்தாயிற்று.

பெப்ரவரி 6, ஞாயிறு

பதுளைக் கோயிலில் ஆராதனைக்குப் போனேன். அவரும் அப்புத்தளையிலிருந்து வந்திருந்தார். முடிந்த பிறகு பஸ் நிற்கிற இடம்வரை நடந்தோம். என்ன கதைத்தோம்? அரிசி. தன்னுடைய சமையல் எப்போதும் குழைந்துவிடுகிறது என்றார். தண்ணீர் அளவு சொன்னேன். அப்புத்தளையில் விடியப்புறம் பேனை பிடிக்கவே விரல் வளையாதாம். தன்னுடைய மோதிரத்துக்கும் அங்கேயிருந்தே நூல் அனுப்பிவிட்டாராம்.

ஆனி கழியப் பதுளைக்கு மாற்றம் வரும், ஸ்டேஷன் குவார்ட்டஸ் ஒன்று தருவார்கள் என்றும் சொன்னார். நல்லது என்றேன். பதுளை பக்கம்தான். ஆனால் தோட்டத்து மருத்துவச்சி தோட்டத்திலேதான் தங்க வேண்டும். எந்த நேரமும் கூப்பிடுவார்கள். அவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் "உங்கடை விருப்பம்" என்றிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இறங்கிப் போகலாம். ஓய்வு நாளில் அவர் ஏறி வரலாம். இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தேன், ஒருவர் பெயரும் வரவில்லை.

பெப்ரவரி 20, ஞாயிறு

கீழ் லயத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று இந்த ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. அவள் மத்தியானமே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. யாரோடும் கதைக்காமல் ஒரு நாள் போயிற்று. சாயந்தரம் கோழியை விரட்டினேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

பெப்ரவரி 21, திங்கள்

அந்தக் கோழி இன்றைக்கும் வந்தது. விரட்டவில்லை.

மார்ச் 12, சனி

டிஸ்பென்சரியில் கூட்டித் துடைத்து எனக்கு உதவிக்கு வருகிற அங்கம்மாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. இந்தத் தோட்டத்தில் ஒரு விஷயம் பரவ ஒருவர் தும்மினால் போதும்.

"அப்ப எங்கள விட்டுட்டுப் போயிருவீங்களாம்மா?"

"நான் எங்கேயும் போகவில்லை. கல் வைக்காத மோதிரம்தான் கேட்டிருக்கிறேன்" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. கையைக் காட்டி விளக்கினேன்.

"மோதரத்துல என்னாங்கம்மா இருக்கு, அந்த ஐயா வாயால சொன்னாரா?" என்றாள்.

சொல்லாமலே விளங்கும் என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிறபோது என்னமோ முணுமுணுத்தாள். எரிச்சல் எனக்கு. அவள் கேட்டது சரியான கேள்வி என்பதால் இரட்டை எரிச்சல்.

ஏப்ரல் 11, திங்கள். மானிப்பாய்

வெட்கமாய்க் கிடக்கு. அண்ணனின் வீட்டு அறையில் கதவைச் சாத்திப்போட்டு எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த பாஸ்குத் திங்கள் என்று நிச்சயத்துக்கு இந்த நாளை வைத்தார்கள். நேசம்மா அக்கா வீட்டு விறாந்தை நிறையச் சனம். வெக்கை என்றால் சொல்லி மாளாது. மலையில் இருந்து பழகிய உடம்பு. நேற்று வந்திறங்கியதிலிருந்தே கையும் காலும் பாரமாய் இருந்தது. போதகர் ஜெபம் பண்ணினார். அரியநாயகம் மோதிரத்தை எடுத்தார். நான் தெரிந்தெடுத்த அதே அரைவட்டம், பொன்னில். என்ன வடிவு. என் விரலில் போட்டார். மூட்டில் நின்றுவிட்டது.

மெல்லத் தள்ளினார். போகவில்லை. இன்னொரு முறை. எல்லாரும் என் விரலையே பார்க்கிறார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டுது. நேசம்மா அக்கா ஓடிப்போய்ச் சவர்க்காரமும் கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுவந்தா. சபைக்கு முன்னாலே என் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தா, பிள்ளைப்பெத்த வீட்டில் நான் தேய்க்கிற மாதிரி. அப்படியும் போகவில்லை. கடைசியில் சுண்டுவிரலில் பேருக்கு மாட்டினார்கள்.

"லயம் லயமாய்த் திரிஞ்சு வேலை செய்த கையெல்லே. மூட்டு முத்திப்போச்சு" என்றா அக்கா, சனத்தைப் பார்த்து. சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி சகுனம் என்றாள், காதில் விழுந்தது.

அடுத்தது நான் அவருக்குப் போட வேண்டும். என் கை சவர்க்காரமாய் வழுக்குது. அவரின் மோதிரமும் மூட்டில் தடக்கியது. அவர் என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கித் தானே தள்ளிப் போட்டுக்கொண்டார். என்னில் கோபம்போல. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டார்களா? "பரவாயில்லை. கலியாணத்துக்கு முதல் இதை உருக்கிக் கல்லு வைச்சுச் செய்விப்பம். இனி இவ அந்த வேலைக்குப் போறேல்லைத்தானே" என்றா அக்கா. எல்லாரும் தலையாட்டினார்கள். என் அண்ணனும் ஆட்டினார். அரியநாயகம் தன் விரலைப் பொத்திக்கொண்டு பேசாமல் நின்றார்.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியேல்லை. நான் ஒருத்திதான் வெறும் வளையத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான். விசரி.

ஏப்ரல் 14, வியாழன்

தனியே திரும்பினேன். அவருக்கு இன்னும் இரண்டு நாள் லீவு. நல்லதாய்ப் போயிற்று, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

மலையேறிப் பட்டிப்பொலையில் ரயில் நின்றபோது குளிர் ஜன்னல் வழியே அடித்தது. சுண்டுவிரலில் மோதிரம் கழன்று விழப் பார்த்தது. பிடித்து, ஒரு யோசனையில் மோதிர விரலில் வைத்தேன். போயிற்று. மூட்டைத் தாண்டி, இடத்தில் போய் இருந்தது. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. மலைக் குளிரில், விடியற்காலம், பச்சைத் தண்ணீரில் கழுவின விரலுக்கு எடுத்த அளவு. விரல் சூம்பிப் போயிருக்கும். அதை யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கொண்டுபோய்ப் போட்டால் எங்கே போகும்? நான் ஒரு மருத்துவச்சி. வெக்கையில் கைகால் ஊதும் என்று கர்ப்பிணிகளுக்குச் சொல்கிறவள். எனக்கு இது தோன்றவில்லையே. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் தன் கூடையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு அழுகையும் வந்தது. சொல்லிச் சிரிக்க ஒருத்தரும் இல்லை.

ஏப்ரல் 17, ஞாயிறு

இன்று அவர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி ஏற்றம் முழுவதும் நடந்து. டிஸ்பென்சரியில் சிரிஞ்சு அவித்துக்கொண்டிருந்தேன். மோதிரத்தைத் திருப்பி வாங்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"ஒரு உதவி" என்று கையை நீட்டினார்.

விரல் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கி நீலம் பாரித்திருந்தது. மூட்டில் தோல் உரிந்து சீழ் வைத்திருக்கிறது. மோதிரம் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. அன்றைக்குத் தள்ளிப் போட்டபோது உரிந்ததாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சின்னப்பிள்ளையே நீங்கள்? இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கத்தினேன். அவர் குனிந்து நின்றார்.

கையை உயர்த்திப் பிடிக்கவைத்து, குளிர் தண்ணீர் ஊற்றி, விரல் நுனியிலிருந்து நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, மறுமுனையை மோதிரத்துக்கு அடியால் எடுத்து, மெல்ல மெல்ல அவிழ்த்தேன். நோ இருந்திருக்கும். மூச்சுக்கூட விடவில்லை மனிசன். மோதிரம் கழன்று பேசினுக்குள் விழுந்தது.

மருந்து கட்டும்போது கேட்டேன், ஏன் இப்படித் தள்ளிப் போட்டீர்கள் என்று.

"உங்கடையும் போகேல்லை. என்ரையும் போகேல்லை எண்டால் அந்தச் சனம் உங்களைத்தான் சொல்லும். ஒண்டாவது போகோணும் எண்டு நினைச்சன்."

கோபம் என்று நினைத்தேனே.

மோதிரம் நுழையாத காரணத்தைச் சொன்னேன், என் விரலைக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் கேட்டே விட்டேன்: "நான் வேலையை விடுவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. கலியாணம் எண்டால் ஒரு வீட்டிலை இருக்கிறது எண்டு நினைச்சன். அக்கா நினைக்கிறது வேறை, அவவுக்குச் சனம் என்ன சொல்லும் எண்டதுதான். எனக்கு அதில்லை. இந்த மலைக்கு வந்த நாளிலையிருந்து பூட்டின வீட்டைத்தான் திறக்கிறன். உள்ளுக்கை ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்குப் போகோணும் எண்டு ஆசை. நீங்கள் இஞ்சை, நான் அங்கை எண்டால், இப்ப இருக்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

அது என் வீட்டைப் பற்றியும் சொன்னது போலிருந்தது.

"நான் மறிக்கேல்லை. யோசியுங்கோ" என்று எழுந்தார். தன் மோதிரத்தைக் கழுவி லேஞ்சியில் முடிந்துகொண்டார். என்னுடையதை அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

யோசிக்கிறேன். வேறு ஒன்றும் எழுத இல்லை.

ஏப்ரல் 23, சனி

பதுளைக்குப் போனேன். பத்தரின் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு உள்ளே போய் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"என்னம்மா, அளவு பிழையா?"

"அளவு பெரிசாக வேணும். வளையமும் மாற்ற வேணும். கல் வைத்துச் செய்யுங்கோ."

"அந்த ஐயா சொன்னாரே, அம்மாவுக்குக் கல்லு வேணாமுண்டு."

"இப்ப வேணும்."

நீலத்தில் சின்னதாக ஒரு கல் எடுத்தேன்.

ஏன் கல்? வேலையை விட்டால் தோட்டத்தை விட வேண்டும். தோட்டத்தை விட்டால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? பதுளையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, படித்த நேர்ஸ்மார் இருக்கிறார்கள். வேலையும் இல்லாமல் அந்த வெறும் வளையத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் அது தினமும் என்னைக் கேள்வி கேட்கும். கல் வைத்தது ஒன்றும் கேட்காது. அக்காவுக்காக இல்லை. சனத்துக்காகவும் இல்லை. பூட்டின வீட்டைத் திறக்கிறேன் என்று சொன்னாரே, அதற்காக. எனக்கும் தனியே இருந்து அலுத்துவிட்டது. இதுதான் உண்மை.

மே 31, செவ்வாய்

கடைசி நாள். தோட்டத்துத் துரை என் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், தலையை நிமிர்த்தவில்லை. அங்கம்மா பெட்டி கட்ட உதவினாள். லொறி கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்த மாசம் எம் மகளுக்குப் பேறுகாலம். நீங்க இருப்பீங்கன்னு நெனச்சிருந்தேங்க."

நானும்தான் நினைத்திருந்தேன்.

ஜூன் 25, சனி

பதுளைக் கோயிலில் கலியாணம். அளவெல்லாம் சரி. ஒரே தள்ளில் போயிற்று.

ஜூலை 19, செவ்வாய்

ஸ்டேஷன் குவார்ட்டஸ். ரயில் வரும்போது கண்ணாடி ஜன்னல் கிடுகிடுக்கும். துணி உலர்த்தினால் கரித்தூள். அவர் நல்லவர். எழுதித்தான் வைக்கிறேன்: நல்லவர். வேலை முடிந்து வருகிறபோது கதவடியில் ஒரு கணம் நின்று உள்ளே பார்ப்பார், பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். இப்போது "நீங்கள்" போய் என்னை "நீர்" என்கிறார். "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்கும்போது மனம் இளகிவிடுகிறது.

அவர் ஸ்டேஷனுக்குப் போன பிறகு பகல் முழுவதும் நான் இருக்கிறேன். இருப்பதுதான் வேலை. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு இன்று ஓடினேன். காற்று.

ஆகஸ்ட் 8, திங்கள்

ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 27, சனி

சந்தையில் அங்கம்மாவைக் கண்டேன். மகளுக்குப் பெண் பிள்ளை, சுகம்தானாம். புதிதாக வந்த மருத்துவச்சியைப் பற்றிக் கேட்டேன். "இருக்காங்க" என்றாள். குறை சொல்லுவாள் என்று காத்துநின்றேன். குறை சொல்லமாட்டாளா என்று ஏங்கினேன். எவ்வளவு கெட்ட மனசு எனக்கு.

என் மோதிரத்தைப் பார்த்தாள். "கல்லு வெச்சுட்டீங்க" என்றாள். கத்தரிக்காய் வாங்காமலே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேசம்மா அக்கா வந்து ஒரு கிழமையாகிறது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவருக்கு இன்று ஓய்வு நாள். வெளியே பேய் மழை. அடுத்த குவார்ட்டஸில் பார்சல் கிளாக்கரின் மனைவி நளீரா நிறைமாதம்; பாத்திரம் கழுவும்போது பின்வாசலில் கண்டு கதைத்திருக்கிறேன், இடுப்பு நோவுக்குப் படுக்கிற விதம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். திடீரென்று அங்கேயிருந்து ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அது நேரம் இருக்கிறது என்கிற சத்தம் இல்லை.

நளீராவின் உம்மா நனைந்தபடி ஓடி வந்தா. "மகளே, ஆஸ்பத்திரிக்குப் போக வாகனத்துக்கு ஆள் போய் இன்னம் வரல்ல. புள்ள கால்தான் தெரியுது. நீங்க மருத்துவச்சியா இருந்தவண்டு நளீரா சொன்னா."

நான் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன்.

"நீ இரு பிள்ளை" என்றா அக்கா. "வாகனம் வரும். ஏதும் நடந்தால் எங்கடை தலையிலைதான் விடியும். ஒரு கிளாக்கற்றை பெண்சாதி வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைப்பேறு பாக்கிறதே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மானிப்பாய் விறாந்தையில் நின்ற அதே நிலை. இந்த ஆளுக்காகவா கல் வைத்தேன்?

கையைக் கழுவப் போனேன். போவது என்று முடிவுதான்; கேட்கிற நேரமில்லை. மோதிரம் சோற்றுப் பிசுக்கில் கழலமாட்டேன் என்கிறது. இழுக்கிறேன், கல் மற்ற விரலைக் கீறுகிறது. பின்னாலே இவர் வந்து நின்றார். சவர்க்காரத்தை எடுத்து என் விரலில் தேய்த்து, மோதிரத்தைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டார்.

"நீர் போம். அக்காவோடை நான் கதைக்கிறன்."

போனேன். கால் முன்னே வந்த பிள்ளை. இழுக்கக் கூடாது, தன்பாட்டில் இறங்க விட வேண்டும். உம்மா இழுக்கச் சொல்லி அழுதா, கத்தி அவவை அடக்கினேன். தோள் இறங்கியது, தலை கொஞ்சம் தாமதித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இவரும் இல்லை, அக்காவும் இல்லை, நானும் இல்லை. பெண் பிள்ளை. முதுகைத் தேய்த்துத் தேய்த்து, பிறகுதான் அழுதது. நளீரா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகக்குறி இருக்கிறது, எழுதும்போது தெரிகிறது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அறைக்குள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தா. இவர் அடுப்படியில் என் மிச்சச் சோற்றை மூடி வைத்திருந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கனக்க இல்லை. அண்டைக்கே கதைச்சிருக்க வேணும்" என்றார்.

செப்டம்பர் 17, சனி

அக்கா ஊருக்குப் போய்விட்டா. ஸ்டேஷனில் என்னோடு கதைக்கவில்லை. ரயில் நகரும்போது மட்டும், நளீராவின் பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டா. குடிக்கிறது என்றேன்.

செப்டம்பர் 28, புதன்

இன்று விடிந்தபிறகு கதவு தட்டும் சத்தம். நான் பின்னாலே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். காற்று என்றுதான் இருந்தேன். இவர் போய்த் திறந்தார்.

"மருத்துவச்சியம்மா வூடு இதுங்களா? கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடியிருந்து வாறோம், சம்சாரத்துக்கு வலி கண்டுருச்சுங்க."

இவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன்.

"ஓம், இதுதான்" என்றார் இவர். "ஒரு நிமிஷம் நில்லுங்கோ. மோதிரத்தைக் கழட்டி வைச்சிட்டு வருவா."